சூரத்தில் இருந்த ஆண்டுகளுக்குக் கட்டம் இல்லை

ஆஸ்பத்திரியில் புற்றுநோயாளிகளின் விவரத்தைப் படிவத்தில் எழுதும் எங்கள் தொழிலில், பெரும்பாலும் நோயாளியைத் தவிர எல்லாரும் பதில் சொல்வார்கள். என் அண்ணனின் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன், அண்ணி சொல்லச் சொல்ல. அண்ணி சொன்னதை அன்றைக்கே நான் நம்பவில்லை. இத்தனை ஆண்டாகத் திருத்தவும் இல்லை. இப்போது அண்ணன் மகன் அதே சூரத்தில், அதே ஜரிகைப் பட்டறையில் வேலை செய்கிறான். அதனால்தான் எழுதுகிறேன். கவுண்டரில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்ன உங்களுக்கு என் பாடு புரியும்.

சும்மா போனது

வசிக்கும் ஊர் எது என்று கேட்டால் எங்கள் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்கள் பிறந்த ஊரைத்தான் சொல்வார்கள். ஐயம்பேட்டைக்காரர் ஒருவர் பம்பாயில் இருபத்தெட்டு ஆண்டு ரசாயனக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். நோய் வந்த பிறகு திரும்பி நாலு மாதம்தான் ஆகிறது. பம்பாய் என்று எழுதட்டுமா என்றதும் கோபம் வந்துவிட்டது. குலதெய்வத்தையும் ரேஷன் கார்டையும் சாட்சிக்கு இழுத்தார். "ஐயம்பேட்டைன்னு எழுதுபா. அங்க நாங்க சும்மா பொழைக்கத்தானே போனோம்?"

தப்பித்தவர்

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்காரருக்குக் குடலில் கட்டி. அமெரிக்காவிலிருந்து வந்த மகன், தண்ணீர், காற்று, சாக்கடை என்று ஊரை ஒரு பிடி பிடித்தார். நல்லவேளையாகத் தான் முன்பே தப்பித்துவிட்டதாகச் சொன்னார். போன ஊரின் சாப்பாடும் உட்கார்ந்தே பார்க்கும் வேலையும் அந்த ஊர் நோய்களையும் கூட்டி வரும், அப்பாவுக்கு வேறு இருக்கிறது, நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மகன் சிரித்தார். அவர் போனதும் பக்கத்து மேசை கலா சொன்னாள்: "தப்பிச்சவருக்கு முதல் மாடி ஏற லிஃப்ட் கேக்குது சார்."

கட்டம் கேட்டேன்

முன்பு எந்த ஊரில் எத்தனை ஆண்டு இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்று எழுதப் படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும் என அதிகாரியிடம் மனுக் கொடுத்தேன். இல்லாவிட்டால் எங்கெங்கோ வாங்கி வந்த நோயெல்லாம் காஞ்சிபுரத்தின் தலையில் விழும் என்று விளக்கினேன். மனுவை இரண்டு முறை படித்தார். எனக்கு நம்பிக்கைகூட வந்தது. "கட்டம் போட்டா நிரப்பணுமேபா!"

அண்ணி சொன்னது

அந்த அதிகாரியை இளக்காரம் செய்ய எனக்கென்ன யோக்கியதை? இருபத்திரண்டு ஆண்டு சூரத்தில் இருந்த அண்ணன், கன்னத்தில் புண்ணோடு வந்து சேர்ந்தார். புகையிலை கலந்த மாவாவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பது அந்தப் பட்டறை வழக்கம். வாய் திறக்க முடியாத அவருக்காக, அங்கே கூடவே குடியிருந்த அண்ணி பதில் சொன்னார்: "பொகையிலையா? எங்க வூட்டு ஆம்பளைங்க தொட மாட்டாங்க தம்பி. எல்லாம் இந்த ஊரு சாயத்தண்ணி." அண்ணனின் பல் கறையைப் பார்த்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதினேன். குடும்ப மானம் என் கையெழுத்தில் பத்திரமாக இருக்கிறது. அண்ணன்தான் இல்லை.

போன வாரம் அவர் மகன் லீவில் வந்தான். கேட்டதற்கெல்லாம் வாய் திறக்காமல் தலையாட்டினான். கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தான். கார சட்னி எரிகிறது என்று வெறும் இட்லியைத் தின்றான். "அப்படியே அவங்கப்பாதான்" என்று அண்ணி பூரித்தார்.

நோய்க்கு ஊரைக் குற்றம் சொல்ல ஓடுகிற எங்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் வாயைத் திறந்து பார்க்க மட்டும் நேரமிருப்பதில்லை. அன்றைக்கு அவனை ஆஸ்பத்திரிக்குப் புறப்படச் சட்டை மாட்டச் சொல்லிவிட்டு, அண்ணியிடம் கேட்டேன்:

"அண்ணி, அண்ணன் வாயில என்ன அடக்கிக்கினு இருந்தாருன்னு இப்பவாவது சொல்றீங்களா, இல்ல இவனுக்கும் நான் 'இல்லை'ன்னே எழுதட்டுமா?"