தறிக்குழிக்கு ஒரு முழங்கால்

சென்னையில் ஒரு கம்பெனியின் மீட்டிங் அறையில், அத்தனை பேர் பார்க்க மேஜை மேல் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டவள் நான். புடவை வேறு கட்டியிருந்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்துவிட்டால் இடம் பொருள் பார்க்கமாட்டேன். அன்றைக்குக் கோபம் வந்ததால்தான் ஒரு செயற்கை முழங்காலின் வடிவமே மாறியது. பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் அடக்கமாக நடிப்பது எனக்கு வராது.

ஆரணியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் தறிதான். தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, விளிம்பில் போட்ட பலகையில் உட்கார்ந்து அம்மா பட்டு நெய்வாள். குழிக்குள் அவள் கால்கள் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்கும். பட்டுக்குச் சாயம் போடுவது, நீளவாட்டுப் பாவு நூலைப் பிணைப்பது, புடவையைக் கடைக்குக் கொண்டுபோவது எல்லாம் அப்பா. நெசவு அம்மாவுடையது. முந்தானையில் அவள் கை யாருக்கும் வராது என்று தெருவே சொல்லும். அதைக் கேட்டு அவள் மறுத்ததே இல்லை. நான் யாரைக் கொண்டிருக்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவளுடைய வலது முழங்கால் தேய்ந்துபோனது. உட்கார்ந்து மிதிப்பதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். எழுந்திருப்பதுதான் நரகம். தறியில் உட்கார்ந்தவர்கள் நேராக எழ முடியாது. நெய்த துணியைச் சுற்றும் படைமரம் வயிற்றுக்கு எதிரே குறுக்காக நிற்கும். ஒரு காலைத் தூக்கிப் பக்கத்துத் தரையில் ஊன்றி, அந்த மடங்கிய முழங்காலின் மேலேயே மொத்த உடம்பையும் திருப்பி எழ வேண்டும். அம்மா ஊன்றுவது வலதுகாலை. கடைசியில் தினமும் சாயங்காலம் அப்பா வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று.

வேலூரில் பார்த்த டாக்டர் மூட்டை மாற்றிவிடலாம் என்றார். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாத்திக்கினா தறியில உக்காரலாங்களா?"

"தரையில உக்காரவே கூடாதும்மா. இனிமே நாற்காலி, கட்டில், அவ்வளவுதான்."

"அப்ப இந்தக் காலே இருக்கட்டுங்க."

ஆரணியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சும்மா குந்திக்கினு சோறு துன்றதுக்கு எனக்கு எதுக்குடி புது காலு?" என்றாள்.

அப்போது நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, செயற்கை மூட்டு தயாரிக்கும் அந்தச் சென்னைக் கம்பெனியில் டிசைன் பிரிவில் சேர்ந்திருந்தேன். செயற்கை முழங்கால் என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. தொடை எலும்பின் முனைக்கு உலோகத்தில் ஒரு தொப்பி, கீழ்க்கால் எலும்பின் தலையில் ஒரு உலோகத் தட்டு, நடுவில் வழுக்குவதற்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. சில வகைகளில் அந்தப் பிளாஸ்டிக்கின் நடுவே சின்ன முளை ஒன்று நிற்கும்; கால் மடங்கும்போது தொடை எலும்பு முன்னே நழுவாமல் அது தடுக்கும். வெளிநாட்டு மூட்டுகளில் ஆகச் சிறிய அளவுகூட நம் பெண்கள் பலருக்குப் பெரிதாக இருந்தது. அதனால் நம் எலும்புக்கு ஏற்ற அளவில், இன்னும் நன்றாக மடங்கும் மூட்டு ஒன்றை எங்கள் குழு வரைந்துகொண்டிருந்தது.

அதைச் சோதிக்கும் மெஷின் காலை மடக்கும், நீட்டும். மடக்கும், நீட்டும். அவ்வளவுதான்.

"சார், மடங்கின நிலையிலேயே பாரத்தோட திரும்பினா என்ன ஆகும்?" என்று எங்கள் தலைமை டிசைனரைக் கேட்டேன்.

"அப்படி யாரும்மா திரும்பப் போறாங்க? டான்ஸ் ஆடறவங்களா?"

அங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மேஜை மேல் ஏறினேன். "இது தறிக்குழி. இந்த ஃபைல் படைமரம்," என்று ஒருவர் கையிலிருந்ததைப் பிடுங்கி, அவரையே என் வயிற்றுக்கு முன்னால் குறுக்காகப் பிடிக்கச் சொன்னேன். வலதுகாலைத் தூக்கி மேஜையில் ஊன்றி, உடம்பைத் திருப்பி எழுந்து நின்றேன். மின்விசிறியில் தலை தட்டாதது என் அதிர்ஷ்டம். "எங்க ஊர்ல தெருத்தெருவா இப்படித்தான் சார் எழுந்திருக்கிறாங்க. அவங்களுக்கும் முட்டி தேயுது."

யாரும் சிரிக்கவில்லை. தலைமை டிசைனர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை பண்ணுங்க. மெதுவா," என்றார். நல்ல மனுஷர்.

மெஷினில் திருகலையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தபோது நான் பயந்தது சரியாகவே இருந்தது. அந்தப் பிளாஸ்டிக் முளையின் கூர்மையான மூலைகள் உலோகத்தில் இடித்து நசுங்கின. மூலைகளை வளைவாக்கினோம்; உலோகத் தொப்பியில் முளை உட்காரும் பள்ளத்தை அதற்கேற்ப மாற்றினோம். வரைந்ததும் அழித்ததும் திரும்ப வரைந்ததுமாக வருஷங்கள் ஓடின. அந்த வளைவு என் கை போட்டது. அது பலருடைய கால்களில் நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் அம்மாவிடம் பேச்செடுத்தேன்.

"நீ பண்ணதா?" என்று கேட்டாள்.

"நானும் சேர்ந்து பண்ணதும்மா."

"அப்ப வெக்கச் சொல்லு."

சென்னையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் அன்று நர்ஸ் எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னார்: தரையில் உட்காரக்கூடாது. அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்வதாக ஆரணிக்குக் கிளம்பினார். அம்மா என் வீட்டிலேயே தங்கிப் பயிற்சி செய்தாள். அடுத்த முறை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனபோது தறிக்குழியைப் படம் போட்டுக் காட்டினேன். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்காருவது நாற்காலியில் உட்காருவது மாதிரிதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். தொடையில் பலம் வரட்டும், பிறகு எழுந்து பழகலாம் என்றார். சில மாதங்கள் கழித்து, சரி, போகலாம் என்றும் சொல்லிவிட்டார்.

"உங்கப்பாகிட்ட மூச்சு விடாத. போய் உக்கார்ந்து காட்டுறேன்," என்றாள் அம்மா.

பெட்டியோடு ஆரணியில் போய் இறங்கினோம். அம்மா யார் கையையும் பிடிக்காமல் வாசற்படி ஏறினாள். உள்ளே ஒரு அடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தறி இல்லை. குழியும் இல்லை. மண் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி வழவழவென்று தேய்த்திருந்தது. அதன் நடுவில் ஒரு புது நாற்காலி. அப்பா அதன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஜல்தியா முடிச்சிட்டேன் பாத்தியா? இனிமே ஜம்முனு குந்திக்கினு இரு."

எங்கள் தெருவில் தறிக்குழியை மூடினால், அந்த வீட்டில் நெசவு முடிந்தது என்று ஊருக்கே சொன்ன மாதிரி. அம்மா நாற்காலியைக் காலாலேயே தள்ளிவிட்டாள். ஆமாம், புதுக்காலால்தான்.

"நான் செத்தா பூட்டேன்? யாரைக் கேட்டு மூடினீங்க?"

"தரையில உக்காரக்கூடாதுன்னு அந்த நர்ஸம்மா சொல்லிச்சே!"

"தரை வேற, குழி வேறப்பா!" என்று நானும் கத்தினேன். "அந்த மூட்டை நாங்க வளைச்சதே இந்தக் குழிக்காகத்தான். இன்னாப்பா பண்ணி வெச்சிருக்கிற?"

அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சாதாரணமாக எதிர்த்துப் பேசாதவர், அன்றைக்குக் குரலை உயர்த்தினார்.

"ஒவ்வொரு நாளும் இவளைத் தூக்கினது நானு. பல்லைக் கடிப்பா பாரு, அந்த நறநறன்ற சத்தம் என் காதுலதாண்டி விழும். திரும்பவும் அதக் கேக்க என்னால ஆவாது."

அத்தனை வருஷமும் அம்மாவின் வலியை மட்டுமே நான் கணக்கில் வைத்து வரைந்திருந்தேன்; தூக்கிவிட்டவருக்கும் வலித்திருக்கும் என்று தோன்றவே இல்லை. அப்பாவே சரிந்துகிடந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"நிஜமா எழுந்துடுவாளா?" என்று என்னிடம் கேட்டார்.

"எழலைன்னா நான் வேலையை விட்டுடுறேன்ப்பா."

மறுநாள் காலையில் கடப்பாரைச் சத்தத்தில்தான் விழித்தேன். ஆள் வைக்காமல் தானே சிமெண்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். கழற்றி வைத்திருந்த தறியைத் திரும்பப் பூட்டி, பாவு போட்டு, கற்பூரம் காட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. லீவைக் கூட்டிக்கொண்டே போனேன். ஆபீஸிலிருந்து கூப்பிட்டபோது, "சார், இங்கதான் சார் நிஜ டெஸ்டே," என்றேன்.

அம்மா குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தாள். மதியம்வரை நெய்தாள். மிதிகட்டை ஏறி இறங்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அப்பா சாப்பிடப் போகவில்லை, கடைக்குப் போகவில்லை, சுவரோரமாகவே நின்றார். அவள் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு அசைந்ததும் பாய்ந்து வந்து கையை நீட்டினார். அம்மா அவரைத் தடுத்தாள்.

"தூக்க வராதீங்க. நின்னு பாருங்க."

வலதுகாலைத் தூக்கினாள். தரையில் ஊன்றினாள். அந்தக் காலின் மேலேயே திரும்பி, பல்லைக் கடிக்காமல் எழுந்தாள். அப்பா நீட்டிய கையோடு அங்கேயே பொத்தென்று தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். அம்மா நின்றுகொண்டிருந்தாள்.