சைக்கிளும் நானும் ஒரே வண்டியில்

நாக்பூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, சாப்பாட்டுக்கு என்ன செய்வாய், பாஷைக்கு என்ன செய்வாய் என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நான் சைக்கிளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் வலது முழங்கால் சரியாக மடங்காது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம், எங்கள் மலைக்கிராமம் மன்னவனூரிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கு நான் போன வேன் ஒரு வளைவில் சரிந்தது. மூட்டைகளுக்கு அடியில் என் கால் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்தார்கள், ஆனால் முட்டி பழையபடி மடங்கவில்லை. நடக்க முடியும். அரைக் கிலோமீட்டர் தாண்டினால் வலி இடுப்புவரை ஏறிவிடும்.

இரண்டு வருஷம் வீட்டோடு கிடந்தேன். ஒருநாள் அண்ணன் ஒரு பழைய சைக்கிளையும் என்னையும் வத்தலக்குண்டில் இருந்த லேத்துப் பட்டறைக்கு அழைத்துப்போனார். பட்டறைக்காரர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, கால் எவ்வளவு மடங்குகிறது என்று நூல் பிடித்து அளந்தார். பிறகு வலப்பக்கம் பெடலைத் தாங்கும் தண்டைப் பாதியாக வெட்டி, புதிதாகத் துளையிட்டு மரை போட்டுக் கொடுத்தார். அந்தச் சைக்கிளில் என் இடது கால் பெரிய வட்டமாகவும் வலது கால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சின்ன வட்டமாகவும் சுற்றும். மேட்டில் இறங்கித் தள்ளுவேன். சமதரையில் யாரையும் முந்துவேன். கல்லூரிக்குப் போனது அதில்தான். வேலைக்கு நேர்காணல் முடிந்து வந்ததும் அதில்தான்.

"அங்க சைக்கிள் கடையே இல்லாத ஊரா? போயி ஒண்ணு வாங்கி, இதே மாதிரி வெட்டிக்கிற வேண்டியதுதான" என்றார் அண்ணன்.

"வெட்டித் தர ஆளத் தேடிக் கண்டுபிடிக்கிற வரைக்கும் என்ன பண்றதுண்ணே? ரூமுக்கும் ஆபீசுக்கும் நாலு கிலோமீட்டர். திங்கக்கெழம சோலியில சேரணும்."

"ஆட்டோ இருக்குமே."

"எனக்கு ஆட்டோ வேணாம்."

அண்ணிதான் ஆறு காலிப் பூண்டுச் சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் சைக்கிளுக்கு அளவெடுத்த மாதிரி ஒரு உறை தைத்தார். நான் ஹேண்டிலைத் திருப்பி, பெடல்களைக் கழற்றித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சாக்கின் மேல் என் பெயரையும் போகும் ஊரையும் தமிழிலும் இங்கிலீஷிலும் மையால் எழுதினேன்.

சனிக்கிழமை வெள்ளனே அண்ணனின் காய்கறி வண்டியில் மூன்று பேரும் மலையிலிருந்து இறங்கினோம். வத்தலக்குண்டு மார்க்கெட்டில் மூட்டைகளை இறக்கிவிட்டு, எங்களை ரயில்வே ஜங்ஷனில் விடும்போது மணி பத்து. அண்ணனுக்குத் திரும்புகிற லோடு இருந்தது. அண்ணி என்னோடு நின்றுகொண்டார். ரயில் மதியம் இரண்டரைக்கு.

பார்சல் ஆபீஸில் இருந்த எழுத்தர் என் டிக்கெட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து சாக்கை மோந்து பார்த்தார்.

"ஏம்மா, உள்ள பூண்டா?"

"இல்ல சார், சைக்கிள்."

"பூண்டு வாசம் அடிக்குதே."

"பூண்டுச் சாக்கு சார். வேணும்னா பிரிச்சுக் காட்டுறேன்."

அண்ணி ஒரு பக்கத் தையலைப் பிரித்து உள்ளே இருந்த சக்கரத்தைக் காட்டினார். எழுத்தர் ஒரு படிவத்தை நகர்த்தினார். "பார்சல்ல போட்டுர்றேன். எடம் இருக்குற வண்டியில போகும். நாலு நாள்ல வந்துரும், மிஞ்சிப்போனா ஒரு வாரம்."

இதைப் பற்றி முன்பே விசாரித்து வைத்திருந்தேன். பார்சலாகப் போட்டால் சைக்கிள் எப்போது வேண்டுமானாலும் போகும். பயண டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால், நான் போகும் அதே ரயிலின் சாமான் பெட்டியில் வரவேண்டும்.

"பார்சல் வேணாம் சார். என் டிக்கெட்டோட லக்கேஜாப் போடுங்க."

"லக்கேஜ்னா வண்டி நிக்கிற அஞ்சு நிமிஷத்துல ஏத்தணும். பெட்டியில எடம் இல்லைன்னா என்னைய வந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன் சார். நானே நின்னு ஏத்திக்கிறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபத்தில் பார்த்த மாதிரி இல்லை. எத்தனையோ பேர் இப்படிச் சொல்லிவிட்டு அப்புறம் அவரிடம் சண்டைக்கு வந்திருப்பார்கள் என்று தோன்றியது. எடை போட்டு, ரயில் எண்ணை எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அண்ணி பிரித்த இடத்தை அங்கேயே உட்கார்ந்து தைத்தார்.

சைக்கிளைத் தள்ளுவண்டியில் வைத்து, பிளாட்பாரத்தின் கடைசிக்குக் கொண்டுபோனோம். சாமான் பெட்டி ரயிலின் பின்முனையில் வரும் என்று சுமை ஏற்றுபவர் சொன்னார். என் படுக்கை இருந்த பெட்டியோ முன்பக்கம். "நீ ஏறிக்க புள்ள, நான் நின்னு ஏத்திவிடுறேன்" என்றார் அண்ணி. எனக்கு மனசு வரவில்லை. சைக்கிள் ஏறுவதைப் பார்க்காமல் நான் ஏறுவதாக இல்லை.

ரயில் வந்து நின்றது. சாமான் பெட்டியின் கதவைத் திறந்ததும் முருங்கைக்காய்க் கட்டுகள் கதவுவரை அடுக்கியிருந்தது தெரிந்தது. சுமை ஏற்றுபவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"எடம் இல்லம்மா. நாளைக்கு வண்டியில ஏத்திவிடுறோம்."

"ரசீதுல இந்த வண்டி நம்பர்தான் இருக்கு அண்ணே."

"நம்பர் இருந்தா? நான் எங்க கொண்டுபோயி வைக்க?"

அவர் கதவை இழுக்கப் போனார். அண்ணி சட்டென்று இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் உரக்கப் பேசாத மனுஷி. "மூடாதீங்க. அந்தப் புள்ள சொல்றதக் கேட்டுட்டு மூடுங்க" என்று கத்தினார். சத்தம் கேட்டு, பக்கத்திலேயே இருந்த தன் அறையிலிருந்து கார்டு இறங்கி வந்தார். கையில் பச்சைக் கொடி.

அவரிடம் சொன்னேன்: "சார், எனக்கு இந்த முட்டி மடங்காது. கடைச் சைக்கிள் எதையும் என்னால மிதிக்க முடியாது. இதுல மட்டும் முடியும், பெடல் தண்ட வெட்டி வச்சிருக்கு. திங்கக்கெழம காலையில நான் வேலைக்குப் போகணும்."

கார்டு சாக்கின் மேலேயே கையை வைத்துத் தடவி, குட்டையான தண்டு இருந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்த ரெண்டு கட்டத் தூக்கி மேல சொருகுப்பா. சைக்கிள நட்டமா நிறுத்து, படுக்கப் போட வேணாம். வெரசா."

சுமை ஏற்றுபவர் உள்ளே தாவினார். கீழிருந்து நானும் அண்ணியும் தூக்கிக் கொடுத்தோம். பின்சக்கரம் தரையில், முன்சக்கரம் கூரையில் முட்ட, சைக்கிள் நெட்டுக்குத்தாக நின்றது. கதவு மூடியது.

"உங்க பெட்டி எது?" என்றார் கார்டு. சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "இந்தக் காலோட அவ்வளவு தூரம் ஓட முடியாது. இதுலயே ஏறுங்க. அடுத்த பெரிய ஸ்டேஷன்ல மாறிக்கலாம்."

அவர் காட்டியது, சாமான் பெட்டியை ஒட்டியிருந்த மாற்றுத்திறனாளிகள் பெட்டி. அரசாங்கம் கொடுத்த அட்டை பல வருஷமாக என் பையில் இருந்தது. ஒரு பஸ்ஸில்கூட அதை நான் நீட்டியதில்லை. நீட்டினால் கால் இன்னும் கொஞ்சம் மோசமாகிவிடும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். இப்போது அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. ஏறினேன். அண்ணி என் பையைத் தூக்கிப் போட்டார். ரயில் நகர்ந்தபோது அவர் கை முழுக்கச் சாக்கு நாரும் மண்ணும். அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே, ஊன்றுகோலை மடியில் வைத்திருந்த ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கதவருகே நடந்ததையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். "சைக்கிள் ஏறிருச்சா?" என்றுதான் அந்த அம்மா முதலில் கேட்டார். நகர்ந்து இடம் கொடுத்தார். கால் நீட்டி உட்கார வசதியான இருக்கை. இத்தனை வருஷம் எதற்கு வேண்டாம் என்றேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த பெரிய ஸ்டேஷனில் என் பெட்டிக்கு மாறினேன். மறுநாள் மாலை நாக்பூரில் இறங்கியதும் பின்பக்கம் நோக்கி விந்தி விந்தி நடந்தேன். பன்னிரண்டு பெட்டி தூரம். ஒருநாள் முழுக்க உட்கார்ந்தே வந்ததில் பாதி வழியிலேயே இடுப்பு வலிக்கத் தொடங்கியது. கதவைத் திறக்காமலே ரயில் கிளம்பிவிட்டால் சைக்கிள் எங்கே போய்ச் சேருமோ என்ற பயத்தில் நிற்காமல் நடந்தேன். ஆட்கள் விலகியபோதுதான் பார்த்தேன்: பிளாட்பாரத்தில், ஒரு தூணில் சாய்ந்தபடி, என் எழுத்து தெரிய நின்றது சைக்கிள். பக்கத்தில் நின்ற வேறொரு கார்டு என் காலைப் பார்த்துவிட்டு, "சைக்கிள்?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். வழியில் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே தையலைப் பிரித்தேன். ஒரு பிரேக் கம்பி வளைந்திருந்தது, கையாலேயே நிமிர்த்தினேன். பெடல்களை மாட்டி முடித்ததும் அண்ணிக்குப் போன் செய்தேன்.

"வந்து சேந்துருச்சா?" என்றார்.

"ரெண்டு பேரும் சேந்துட்டோம் அண்ணி."

திங்கட்கிழமை காலை, வழி கேட்டுக் கேட்டு நாலு கிலோமீட்டரும் மிதித்தேன். அந்த வழியில் மேடே இல்லை. ஆபீஸ் திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. காவலாளி என் சைக்கிளைச் சுற்றிவந்து, வலப்பக்கத் தண்டைச் சுட்டிக்காட்டி இந்தியில் ஏதோ கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்து, வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன்.