கெபின் தரையில் ஓர் ஓட்டை

என் பழைய லொறியின் புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர் பழுதாகிவிட்டது. ஏற்றம் வந்தால் வண்டி நின்றுவிடுகிறது. கொடகவெல கராஜில் காலையிலிருந்து போராடுகிறார்கள். கியர்பொக்ஸுக்கு மேலே, எந்தக் கையும் நுழையாத சந்தில் அது துருப்பிடித்து உட்கார்ந்திருக்கிறது. நாளை றக்வானயில் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம்.

"சேர், இந்த எடத்துல ஒரு சாண் வெட்டினா கை போகும். பொறகு மூடிரலாம்," என்று மெக்கானிக் நிஸாம் பாஸ் கெபின் தரையைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் அப்பா தன் விறகு லொறியின் தரையை உளி வைத்து வெட்டிய சத்தம். அன்றும் எட்டாத ஒரு போல்ட்தான். வெட்டிய இடத்தை பிஸ்கட் டின் மூடியால் மறைத்துவிட்டு, "அடுத்த தடவ லேசா கழட்டிரலாம்," என்று பெருமைப்பட்டார்.

அந்த போல்ட் பிறகு கெட்டுப்போகவே இல்லை. மூடிதான் ஒவ்வொரு குழியிலும் எகிறியது. மழைக்காலச் சேறெல்லாம் அம்மாவின் சேலையில் பீய்ச்சியடித்தது. சித்தியின் கல்யாணத்தில் படம் எடுத்தபோது அம்மா நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்.

"போல்ட் கழட்ட ஓட்ட போட்டீங்களா, நான் குளிக்க தண்ணிப் பீலி வச்சீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"வெட்ட வேணாம் பாஸ். கியர்பொக்ஸ எறக்குங்க," என்றேன்.

"அப்ப நாளைக்கு வண்டி இல்ல, சேர்."

மனைவிக்கு ஃபோன் செய்து, அம்மாவின் சேலைக் கதையோடு காரணத்தைச் சொன்னேன். பஸ்ஸில் போவோம் என்றேன்.

"பட்டுச்சேலையோட றக்வான பஸ்ல நின்னுக்கிட்டேவா? ஒங்கம்மாவாவது ஒக்காந்து போனாங்க!"