பாவடியில் பாட்டுப் பெட்டி

எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் பாட்டு வைக்கும் பொறுப்பை என்னிடம் தர மாட்டார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் இதே கதைதான். ஒலிபெருக்கிக்காரன் பந்தலில் கம்பி இழுத்துக் கட்டும்போது நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், யாராவது ஒரு வாய்த்துடுக்கு, "அவுங்கள அங்க உடாதீங்க, கல்யாணம் நின்னு போயிரும்" என்று கத்தும். பந்தலே சிரிக்கும். சிரிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சம்பவம் நடந்தபோது பிறக்கவே இல்லை. கேள்விப்பட்டதற்கே இந்தச் சிரிப்பு.

நடந்ததை நான் சொல்கிறேன். பாட்டுப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றியவள் நான்தான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ராசிபுரத்தில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. அது உலகச் சண்டைக் காலம். நூல் தட்டுப்பாட்டில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. அப்போதுதான் எங்கள் அத்தைக்கு, அதாவது அப்பாவின் ஒரே தங்கைக்கு, குமாரபாளையத்தில் மாப்பிள்ளை பேசி முடித்தார் அப்பா. மாப்பிள்ளைக்குத் தறி நிறைய, நூலும் தட்டில்லை, மூத்த தாரம் தவறிப் போயிருந்தார். அப்பாவைவிட வயதில் பெரியவர். முன்பற்கள் போய்விட்டதால் அவர் பேசுவது பாதி காற்றாகத்தான் வரும். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டு வருவார். அவரால்தான் கடிக்க முடியாதே. அத்தையிடம் சம்மதம் கேட்டபோது அவள், "அண்ணன் சொன்னாச் சரிங்க" என்றாள். அதோடு கேள்வி முடிந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் முகூர்த்தச் சேலையை அவள் பிறந்த வீட்டுத் தறியில்தான் நெய்ய வேண்டும். அந்தப் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளில், கோளாறு வந்தால் கல்யாணத்திலும் கோளாறு வரும் என்று ஒரு பயம். அப்பா எங்கெங்கோ அலைந்து, யார் யாரிடமோ பல்லை இளித்து, ஒரே ஒரு சேலைக்கான நூலைத் தேற்றிக் கொண்டு வந்தார். அது கெட்டால் வேறு நூலுக்கு வழியில்லை. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்குக்கூடத் தெரியும்.

நூலைப் பாவாக்கிவிட்டால் கஞ்சி போட வேண்டும். அதற்குத் தெருக்கோடியில் புளியமரங்களுக்கு நடுவே நீண்ட இடம் ஒன்று உண்டு; பாவடி என்போம். விடியும்போதே பாவை அங்கே நீட்டிக் கட்டி, கஞ்சியைத் தோய்த்து, புருசு என்ற நீள நார்த் தூரிகையைப் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இழுத்துக்கொண்டே போக வேண்டும். மற்றவர்கள் இரண்டு பக்கமும் நின்று ஒட்டும் இழைகளை விரலால் பிரித்துவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். கை ஓய்ந்த நேரத்தில் கஞ்சி காய்ந்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதை அடுப்பில்தான் வைக்கலாம்.

இதற்கு நிறையக் கைகள் வேண்டும். நூல் இல்லாத காலமாதலால் தெருவில் பாதிப் பேர் ரோட்டு வேலைக்கும் கடலைக்காட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். யாரைக் கூப்பிட்டாலும் "பாக்கலாங்க" என்றார்கள். பாக்கலாங்க என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். அப்பா யோசித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தாலே அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள்.

எங்கள் வீட்டில் ஒரு பாட்டுப் பெட்டி, அதுதான் கிராமபோன், இருந்தது. சேலத்தில் வேலையாயிருந்த என் மாமா ஊர் மாறிப் போகும்போது பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது. பெட்டியோடு சில இசைத்தட்டுகளும் ஒரு டப்பி ஊசியும் இருந்தன. இரவல் பொருள் என்ற நினைப்பே அப்பாவுக்கு இல்லை. தாமே செய்தது போல ஊருக்குக் காட்டுவார். அந்தப் பெட்டியைப் பாவடியில் வைத்தால் கை தானாக வந்து சேரும் என்பது அவர் திட்டம்.

"தேரிழுக்கறதுக்கு மேளம் வேணும். பாவு ஓட்டறதுக்கு எதுக்குங்க பாட்டு?" என்றாள் அம்மா.

"உனக்கென்ன தெரியும்?" என்றார் அப்பா. இது அவர் எல்லாக் கேள்விக்கும் வைத்திருந்த பதில்.

மறுநாள் விடியலில் புளியமரத்தடியில் முக்காலி போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, என்னைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுக்க வேண்டும். ஊசி மழுங்கினால் மாற்ற வேண்டும். அப்பாவின் திட்டம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கை வந்தது. கையோடு வாயும் வந்தது, ஆளுக்கொரு பாட்டும் வந்தது.

முதலில் அப்பாவின் பாட்டு. கல்யாணத்துக்கு முந்தி அவர் சேலத்துக்கு நடந்தே போய்ப் பார்த்த நாடகத்தில் வந்த பாட்டாம். பாட்டு ஓடும்போது எந்த இடத்தில் திரை தூக்கினார்கள், எந்த இடத்தில் ராஜா வேடக்காரனின் கிரீடம் விழுந்தது என்று புருசை நிறுத்திவிட்டுச் சொல்லுவார். அது முடிந்ததும் எதிர்வீட்டு மாமா தம் பாட்டைக் கேட்டார். குதிரை ஓட்டம் போல ஒரு பாட்டு. கொட்டகையில் அந்தப் பாட்டு ஓடும்போதுதான் அவர் தம் சம்சாரத்தை முதன்முதலாகப் பார்த்தாராம்.

"அது நானில்லீங்க, எங்கக்கா" என்றாள் அவர் சம்சாரம், இழை பிரித்துக்கொண்டே. அந்தச் சண்டை தனியாக ஓடியது. பாட்டின் வேகத்துக்குப் புருசும் ஓடி, இழைகள் அறுந்தன. அறுந்ததை முடிய அத்தை ஓடினாள்.

பிறகு மூலைவீட்டுப் பெரியம்மா. அவள் மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனவன். போனது போனதுதான், தகவல் இல்லை. ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றும்போது அவன் சீட்டியடிக்கும் பாட்டு ஒன்று எங்கள் தட்டில் இருந்தது. அவள் கேட்டால் யார் மறுப்பது? பாட்டு முடியும் வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கஞ்சிக்குத் துக்கமெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

எனக்கும் ஒரு பாட்டு இருந்தது. ஒருவர் பாடிக்கொண்டே வந்து நடுவில் சிரிக்க ஆரம்பிப்பார், நிறுத்த முடியாமல் விக்கி விக்கிச் சிரிப்பார். எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது சேலத்து மாமா அதைத்தான் போட்டார். சிரித்துச் சிரித்தே வேர்த்துக் காய்ச்சல் விட்டதாக என் நம்பிக்கை. "என் பாட்டு, என் பாட்டு" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கைப்பிடி சுற்றுகிறவளுக்கு ஒரு பாட்டு கிடையாதா? "இரு சாமி, அப்பறம்" என்றார்கள். அந்த அப்பறம் இன்றுவரை வரவில்லை.

அம்மாவுக்குப் பாட்டே கிடையாது. "தறிச் சத்தம் கேட்டாப் போதும், அதுதான் அடுப்பெரிய வெக்கும்" என்பாள். அன்றும் அவள் ஒருத்திதான் வாய் பேசாமல் இழை பிரித்தாள்.

கடைசியாக அத்தை கேட்டாள். காட்டில் விடப்பட்ட ராணி ஒருத்தி மரத்தைக் கேட்டு, மானைக் கேட்டு, மலையைக் கேட்டு அழும் பாட்டு அது. மற்றப் பாட்டெல்லாம் தட்டின் ஒரு பக்கத்தோடு முடிந்துவிடும். இந்த மகராசியின் அழுகை மட்டும் ஒரு பக்கத்தில் அடங்காது. மரமும் மானும் முன்பக்கம். மலைக்குப் பின்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பி, ஊசி மாற்றி, மறுபடி சாவி கொடுப்பதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிடும். எல்லோரும் தங்கள் பாட்டுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அத்தை காரணம் சொல்லவில்லை. "கல்யாணம் ஆயிட்டா இதெல்லாம் எங்க கேக்கப் போறேன், போடு கண்ணு" என்றாள். கல்யாணப் பெண் கேட்கிறாளே என்று எல்லோரும் உருகிப் போனார்கள்.

ராணி அழுதாள். பெண்களும் அழுதார்கள். புருசு நடுவழியில் நின்றது. முடிந்ததும் அத்தை, "இன்னொருக்கா" என்றாள்.

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பார்கள். அன்று பாவடியில் இருந்தவர்கள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார்கள். வெயில் புளியமரத்தைத் தாண்டி என் முதுகில் சுட்டது. பக்கத்திலிருந்த இழையைத் தொட்டுப் பார்த்தேன். ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. "அப்பா, காஞ்சிருச்சு" என்றேன்.

"பெரிய மனுசி சொல்லிட்டா" என்றார் எதிர்வீட்டு மாமா. ஆனாலும் அப்பா சந்தேகப்பட்டு அத்தையைப் பார்த்தார். தெருவிலேயே பாவுக்கு அவள் கைதான் கை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட எந்த இழையில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவாள்.

அத்தை பாவைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து கிழக்கே பார்த்தாள். "இன்னம் ஈரமாத்தானுங்ணா இருக்குது. இன்னொருக்காக் கேக்கலாம்" என்றாள்.

அவளே சொன்ன பிறகு அப்பீல் ஏது? மறுபடி மரம், மறுபடி மான், திருப்பிப் போட்டு மலை. நான் எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். மலை முடிந்தபோது பாவு பிரம்புப் பாயாகிவிட்டது. அப்பா புருசை வைத்து இழுத்தார். கொத்தாக அறுந்தது. அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கூட்டம் எப்படிக் கலைந்தது என்றே தெரியவில்லை. வரவழைக்கத்தான் பாட்டு வேண்டியிருந்தது.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அகப்பட்டவள் நான். கைப்பிடி என் கையில் இருந்ததே! காதைத் திருகிய திருகில் அந்த ராணியைவிட உரக்க அழுதேன். "காஞ்சிருச்சுன்னு சொன்னேனே" என்று நான் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தைதான் ஓடி வந்து என்னைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். பாவம், கல்யாணச் சேலை போய்விட்டதே என்று நானும் அவளுக்காகச் சேர்த்து அழுதேன்.

முகூர்த்தப் பாவு கெட்ட செய்தி குமாரபாளையத்துக்கு எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு தாரத்தைப் பறிகொடுத்தவர்கள், சகுனத்துக்குப் பயந்தார்கள். வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள். முறுக்கும் நின்றது. நான் சுற்றிய சுற்றில் கல்யாணம் நின்றது என்று ஊர் பேசிற்று, இப்போதும் பேசுகிறது.

சண்டை முடிந்து நூல் கிடைக்க ஆரம்பித்ததும் அத்தைக்கு வேறு இடம் அமைந்தது. அயோத்தியாப்பட்டணத்து நெசவுக்காரர், பல்லெல்லாம் இருந்த மனிதர். இந்த முறை பாவடிக்குப் பெட்டி போகவில்லை. அத்தையே ஒரு பக்கம் புருசைப் பிடித்து, "ம், நட, நட" என்று எல்லோரையும் விரட்டினாள். புளியமர நிழல் நகர்வதற்குள் பாவைச் சுருட்டிவிட்டார்கள்.

எனக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு ரேடியோவில் அந்த ராணி அழ ஆரம்பித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருந்தாலும் பெரியவளாயிற்றே என்று, "உங்க பாட்டு அத்தை, கேளுங்க" என்றேன்.

அத்தை முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கருமம் எனக்குப் புடிக்கவே புடிக்காது சாமி. ரெண்டு பக்கம் ஓடும், அதான்."

எத்தனை வருஷத் திட்டு, எத்தனை பந்தல் சிரிப்பு! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? தோள் கழன்றாலும் நூறு தடவை சுற்றியிருப்பேனே. ஆனால் அன்று பாவடியில் அவள் பாவைத் தொட்டு, கிழக்கே பார்த்து, "இன்னொருக்கா" என்றபோது, இப்படியும் ஒரு பாட்டுப் பைத்தியம் உண்டா என்றுதான் எனக்குத் தோன்றியது.