ஃபூர் தீவின் கறுப்புக் கோடுகள்

டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் ஓர் இரும்புவார்ப்புத் தொழிற்சாலையில் அருள்மலர் துப்புரவு வேலை செய்தார். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் புவியியல் படிப்பித்தவர். வருடாவருடம் கரும்பலகையில் சிவப்புச் சோக்கால் எரிமலை கீறிக் காட்டியவர். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை.

1986 சித்திரையில் தொழிற்சாலை உலையின் உட்சுவரை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். வழியில் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து ஒதுக்கக் குனிந்தவருக்கு ஆச்சரியமாகிவிட்டது. பாண் துண்டு மாதிரி, அவ்வளவு பாரமில்லை. தெரிந்த டேனிஷில் மேசனிடம் விசாரித்தார். ஃபூர் தீவின் மண்ணில் செய்த கல், அந்த மண்ணுக்குள்ளே எரிமலைச் சாம்பல் படைபடையாகக் கிடக்கிறது என்றார் அவர்.

மலையே இல்லாத டென்மார்க்கில் எரிமலைச் சாம்பலா? அதற்குப் பிறகு அவருக்கு வேலையில் மனம் நிற்கவில்லை.

வைகாசியில் பெந்தெகொஸ்தே விடுமுறை வந்தது. கணவர் நேசராஜாவையும் அவருடைய பழைய கமராவையும் கூட்டிக்கொண்டு முதல் ரயிலில் புறப்பட்டார். ரயில், பஸ், கடைசியில் ஒரு சின்னப் படகுச் சேவை. தீவின் வடக்குக் கரையில், மேட்டில் உட்கார்ந்து பார்க்க வாங்கு போட்டிருந்த இடத்துக்கு வந்து பார்த்தால் மூடுபனி. பாறையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை.

"வெறும் மண்தானே. உமக்கு இதிலை என்ன பாக்கக் கிடக்கு?" என்று நேசராஜா கேட்டார்.

"மண்தான். எங்கையிருந்து வந்தது எண்டுதான் பாக்கவேணும்."

நாயோடு நடக்க வந்த தீவுக்காரப் பெண் ஒருவர், மத்தியானத்துக்குப் பிறகு காற்று மாறினால் வெளிக்கும் என்று சொல்லிப் போனார். இருவரும் பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள். மூன்று மணித்தியாலம் காத்திருந்தார்கள். நேசராஜா பஸ் நேரத்தை நாலு தரம் நினைவுபடுத்தினார்.

இரண்டரைக்குக் காற்று எழும்பியது. கடல் பக்கத்திலிருந்து பனி விலக, பக்கத்து மண்பாறை முழுவதும் வெளியே வந்தது. வெளிறிய மஞ்சள் மண்ணில் கறுப்புக் கோடுகள், பத்தல்ல, நூறுக்கு மேல். சில படுத்திருந்தன, சில மடிந்து நெட்டுக்கு நின்றன. ஒவ்வொன்றும் ஒரு வெடிப்பு என்று நினைத்ததும் அருள்மலர் அவசரமாகக் கமராவைத் தூக்கினார். முதல் படம் ஆடிப்போயிற்று.

"இஞ்சேருங்கோ, கீழை போய்ப் பக்கத்திலை நில்லுங்கோ. அளவு தெரியவேணும்."

நேசராஜா படியால் இறங்கிப்போய், கலியாணப் படத்துக்கு நிற்பதுபோல விறைத்து நின்றார். அவர் நெஞ்சு உயரத்துக்குள் ஐந்து கோடுகள் ஓடின. அருள்மலர் பாறையின் ஒவ்வொரு பக்கமாக எடுத்துக்கொண்டே போனார். இருபது நிமிடத்தில் பனி திரும்பவும் மூடியது.

மேலே வந்த நேசராஜாவின் விரல்கள் கறுத்திருந்தன. அவற்றைத் தேய்த்துப் பார்த்தபடியே, "கரகரவெண்டு இருக்கு. அப்ப, அந்த எரிமலை எங்கை இருந்தது?" என்றார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது இருவரும் அதையே கதைத்தார்கள்.

ஒன்பது படங்கள் தெளிவாக வந்தன. இரண்டை, தன்னோடு படிப்பித்த கமலாதேவிக்கு யாழ்ப்பாணம் அனுப்பினார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. வகுப்புப் பிள்ளைகளின் கேள்விகள் ஒரு முழுத் தாளில். சாம்பல் விழும்போது அங்கே ஆட்கள் இருந்தார்களா, மீன்களுக்கு என்ன நடந்தது, எரிமலை இன்னும் இருக்கிறதா?

அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மினக்கெட்டு, அருள்மலர் தன் முதல் டேனிஷ் கடிதத்தைத் தீவின் அருங்காட்சியகத்துக்கு எழுதினார். பதிலோடு ஒரு பொட்டலம் சாம்பலும் வந்தது. சாம்பல் விழுந்தபோது மனிதரே பூமியில் இல்லை, மீன்களின் எலும்புகள் அதே மண்ணில் கிடைக்கின்றன, எரிமலை எங்கே இருந்தது என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தது.

அருள்மலர் வாசித்து முடிப்பதற்குள் நேசராஜா பொட்டலத்தைப் பிரித்து, சாம்பலை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிவிட்டிருந்தார்.