வோட்டு வேண்டாம் என்ற மாமா

வீடு வீடாகப் போய், வோட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வேட்பாளர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் தாய்மாமா.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குப் பதினொரு வயது. யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் ஊராட்கள் பலரும் புத்தளத்துத் தில்லையடியில்தான் இருந்தோம். மாமா பிரதேச சபையில் உறுப்பினராக இருந்து, மாகாண சபைக்கு நிற்க ஆயத்தமானார். மாகாண சபைக்குப் போனால் மந்திரியாகிவிடுவார், எங்கள் வாசலில் வாகனம் நிற்கும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த நேரம் கிராம சேவகர் வாக்காளர் படிவம் கொண்டுவந்தார். உம்மாவின் பெயர் அதுவரை மன்னார் வாக்காளர் இடாப்பிலேயே இருந்தது. புத்தளத்துக்கு மாற்றலாம் என்று உம்மா பேனையை எடுத்தபோது, அங்கே இருந்த மாமா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"நானா, ஒங்களுக்கு இல்லாத வோட்டு ஆருக்கு?" என்று உம்மா தன் அண்ணனிடம் கேட்டார்.

"பேர் அங்கயே இருக்கட்டும் தங்கச்சி. இங்க மாத்திட்டா, நாளைக்குக் காணிக்கெண்டு போய் நிக்க ஏலாது."

உம்மாவிடம் மட்டுமா? எங்கள் ஊராட்களின் வீடு ஒவ்வொன்றிலும் ஏறி இதையே சொன்னார். கட்சிக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். இதன் விளைவு தெரியாமல் நான் அடுப்புக்கரியால் மதிலெல்லாம் அவருடைய தேர்தல் இலக்கமான ஏழு என்பதை எழுதித் திரிந்தேன்.

மாமா தோற்றார். கொஞ்ச வாக்குகள்தான் குறைவு. வெற்றிக்கென்று உம்மா அவித்த வட்டிலப்பத்தைத் தோற்றவரே வந்திருந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உம்மாட வோட்டும் மத்தவங்கட வோட்டும் இங்க இருந்தா வெண்டிருப்பீங்கதானே மாமா?"

"ஓம் மகள்," என்றவர், இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினார். வெட்கம் கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று மன்னாரில் எங்கள் சொந்தக் காணியில் கட்டிய வீட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். மீள்குடியேற்றப் பட்டியல் போட்டபோது மன்னார் இடாப்பைத்தான் பார்த்தார்கள். உம்மாவின் பெயர் இருந்தது. மாமா பேச்சைக் கேட்ட அத்தனை பேரின் பெயரும் இருந்தது. மாமாவின் பெயர் மட்டும் இல்லை. தேர்தலில் நிற்பதற்காகத் தன் பெயரை முன்பே புத்தளத்துக்கு மாற்றியிருந்தார்.

நாங்கள் குடிபுகுந்த அன்று மாமா புத்தளத்திலிருந்து விருந்தாளியாக வந்தார். நான் அவித்த வட்டிலப்பத்தில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். பதினொரு வயதில் அவர் தோற்றதைத்தான் பார்த்தேன். எங்களுக்கு எதைத் தந்துவிட்டுத் தோற்றார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.