முழங்காலுக்கு நேர்ந்த மொட்டை

மே மாதக் கடைசியில் எங்கள் மொன்ட்ரியால் நகரத்து ஃபுட்பால் அணியின் பயிற்சி முகாம் தொடங்கிவிட்டால் மாமாவுக்கு வேறு கதை கிடையாது. ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற பந்து அல்ல. தலைக்கவசம் போட்ட பெரிய பெரிய ஆண்கள் நீள்வட்டப் பந்து ஒன்றுக்காக ஒருவர்மேல் ஒருவர் விழுகிற விளையாட்டு. மாமா அம்மாவின் கடைசித் தம்பி. மொன்ட்ரியால்-நோரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் எங்களோடுதான் இருந்தார். ஊரில் இருந்தவரைக்கும் எந்த விளையாட்டையும் எட்டிப் பார்க்காதவர் என்று அம்மா சொல்லுவா. இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் கூட வேலைசெய்த கியூபெக்காரர்கள் அவரைக் கெடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசலில் நின்று, இன்னும் தொடங்காத பருவத்தின் முடிவை அவர் அறிவிப்பார். "முன்வரிசை கொஞ்சம் இளக்கம்தான். பந்து பிடிக்கிற பெடியள் திறம். எறியிறவன் நிக்குமட்டும் கப் எங்களுக்குத்தான், எழுதி வையுங்கோ." கேட்டுக்கொண்டு நின்றவர்களில் பாதிப்பேர் கிரிக்கெட் ஆட்கள். மீதிப்பேர் பஸ்ஸுக்கு நின்றவர்கள்.

இந்த ஞானமெல்லாம் என் வாய்வழியாகப் போனதுதான். மாமாவுக்குப் பிரெஞ்சு பேசவரும், வாசிக்க வராது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதுவும் வராது. பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே பேப்பரை என் மடியில் போட்டுவிட்டு, "என்ன எழுதியிருக்கிறான் எண்டு வாசியடி" என்பார். எனக்குப் பதினொரு வயது. கட்டுரை எழுதுகிறவர்கள் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறார்கள் என்பதுதான் அப்போது என் பெரிய மனக்குறை.

அந்த ஜூன் மாதத்தில் எனக்கு என் பாட்டில் ஒரு கவலை இருந்தது. ஆறாம் வகுப்போடு அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறவர்களுக்குக் கடைசிக் கிழமை விழா. என் பின்னல் இடுப்பைத் தாண்டும். பக்கத்து மேசையில் இருந்த ஹெயிட்டித் தோழியின் தாய், அதை இருபது சிறு பின்னல்களாகப் பிரித்து நுனியெல்லாம் நீலமணி கோத்துவிடுவதாகச் சொல்லியிருந்தா. மணிகளைக்கூட வாங்கி எண்ணி வைத்திருந்தோம்.

முகாமின் இரண்டாம் கிழமை பந்து எறிகிற அந்தப் பிரதான ஆட்டக்காரரின் முழங்கால் வீங்கிவிட்டது. பேப்பரில் முதற்பக்கத்தில் முழங்காலின் படம். நான் வாசித்து முடிய மாமா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து நேரே அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்து சந்தோஷமாகச் சொன்னார்:

"நேந்திட்டன். பருவத்துக்கு முந்தின ஆட்டத்திலை அவன் காலூண்டி இறங்கினால், மருமேளின்ரை பின்னலிலை ஒரு சாண்."

"ஆற்றை பின்னலிலை?" என்றார் அப்பா.

"இவளின்ரை."

"உமக்கு விசரே? உம்மடை தலையை நேர்ந்திருக்கலாமே!"

மாமா தன் தலையைத் தடவிக் காட்டினார். முப்பது வயதாக முன்னமே அது வழுக்கை. "எனக்கெங்கை அத்தான் இருக்கு, குடுக்கிறதுக்கு? கடவுளுக்குக் குடுக்கிறதெண்டால் வீட்டிலை உள்ளதிலை நல்லதைத்தானே குடுக்க வேணும்."

அம்மா அகப்பையை ஓங்கினா. "பிள்ளையின்ரை தலையிலை உன்ரை பந்தடி! பாதரிட்டைக் கேட்டு இதை இல்லாமல் பண்ணுவிக்கிறன், பார்." எனக்கு அது போதுமானதாக இருக்கவில்லை. பெரியவர்கள் கேட்கிறேன் என்று சொல்லுகிற காரியங்கள் எத்தனை மாதம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். விழாவுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

ஆகவே நான் பொய் வாசிக்கத் தொடங்கினேன். முழங்காலுக்கு நம்பிக்கை இல்லையென்றால் மாமா சலித்துப்போய் அந்தோனியாரை விட்டுவிடுவார் என்பது என் கணக்கு. வேலையிடத்தில் யார் என்ன சொன்னாலும் பேப்பரில் வந்ததைத்தான் மாமா நம்புவார். வீக்கம் வற்றுகிறது என்று பேப்பர் எழுதினால், வீக்கம் கூடிவிட்டது என்று வாசித்தேன். மெதுவாக ஓடிப் பார்த்தான் என்றால், ஊன்றுகோலோடு நடக்கிறான் என்றேன். பிறகு எனக்கே ருசி கண்டுவிட்டது. வியாழக்கிழமை சத்திரசிகிச்சை என்றேன். வெள்ளிக்கிழமை, இனி வாழ்நாளில் விளையாட மாட்டான் என்று இரண்டு டொக்டர்மார் சொன்னதாகக் குரல் தழுதழுக்க வாசித்தேன்.

மாமா சலிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் மறுபடியும் கோயிலுக்குப் போய், ஒரு சாணை முழு மொட்டையாக உயர்த்திவிட்டு வந்தார்.

"வருத்தம் பெரிசெண்டால் நேர்த்தியும் பெரிசாய்த்தானே இருக்க வேணும்?" என்றார்.

ஆட்டம் நடந்த நாளன்று வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். ஆட்டக்காரர்கள் சுரங்கவழியால் ஒவ்வொருவராக ஓடிவந்தார்கள். கடைசியில் அவன், எந்த நோயும் இல்லாத முயல்குட்டி மாதிரித் துள்ளிக்கொண்டு வந்தான். மாமா கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு உட்கூரையில் இடித்தார்.

நான் பார்த்தது அம்மாவை. அதுவரைக்கும் கடலைக்கோது உடைத்துக்கொண்டு மாமாவைத் திட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இவனுக்குத்தானே ஒப்பரேசன் எண்டு வாசிச்சனி?"

"ஓம்."

"இனி விளையாடவே மாட்டான் எண்டு டொக்டர்மார் சொன்னவையே?"

அம்மா எழுந்து அந்தோனியார் படத்துக்கு முன்னால் போய் நின்றா. காணாமற்போனதைத் தேடித்தருகிற புனிதர் அவர்; அம்மாவுக்கும் அவரோடு ஒரு கணக்கு இருந்தது. அம்மாவின் மூத்த அண்ணனை ஊரில் ஆமிக்காரர் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போய்ப் பல வருடம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவரை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன். அவருக்காக அம்மா செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்துவா. அது எனக்கு, வெள்ளிக்கிழமை மரக்கறி சமைப்பது மாதிரி வீட்டில் நடக்கிற ஒரு காரியம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பாதரைக் கேட்கிற கதை நின்றுபோனது. அப்பா சத்தம்போட்டார். அம்மா அசையவில்லை. கடைசியில் நான் அழுதழுது உண்மையைச் சொன்னேன். முழங்காலுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் நானாகக் கட்டிச் சொன்னது என்றேன்.

"இஞ்சேரும், பிள்ளை சொல்லுறதைக் கொஞ்சம் கேளும்" என்றார் அப்பா.

"மொட்டைக்குப் பயத்திலை சொல்லுறாளப்பா. நாலு நாள் வாசிச்சது பொய்யோ, இண்டைக்குச் சொல்லுறது பொய்யோ?"

எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு பேப்பரும் இல்லை. எல்லாவற்றிலும் அம்மா மீன் பொரித்து எண்ணெய் வடியவிட்டிருந்தா. இன்றைக்கும் என் மகள் பள்ளிக்கூடத்துக் கடிதம் எதையாவது எனக்கு வாசித்துச் சொன்னால், அவள் கையிலிருந்து வாங்கி நானே இன்னொருமுறை வாசிக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. போன கிழமை அவள் ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்துவிட்டாள், ஏதோ சுற்றுலாவுக்குக் கையெழுத்து வைக்கிற சின்ன விஷயம். அந்த வரியை அவளைக்கொண்டே மூன்றுதரம் வாசிப்பித்தேன். அவளோ என்னை ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை அப்பா இதைப் பார்க்க மாட்டேன் என்று தான் வேலைசெய்யும் ஜான்-டலோன் சந்தைக்கு வெள்ளனவே போய்விட்டார். பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் சலூன் வைத்திருந்த, எங்கள் கோயில் ஆள் ஒருவரை மாமா கூட்டிவந்தார். குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, என் கழுத்தைச் சுற்றிக் கட்டில் விரிப்பைக் கட்டினார்கள்.

"என்ன நேர்த்தியக்கா? பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார் அவர்.

"முழங்கால்" என்றார் மாமா.

சலூன்காரர் குனிந்து மிகவும் இரக்கத்தோடு என் முழங்காலைப் பார்த்தார். "இப்ப மடக்கலாமோ பிள்ளை?"

"இவளின்ரை இல்லை" என்றார் மாமா.

கத்தி வைக்கமுன் பின்னலை அடியோடு வெட்டினார்கள். அம்மா அதை நிலத்தில் விழவிடாமல் இரண்டு கையாலும் வாங்கி, கழுவி மடித்த தலையணை உறை ஒன்றில் சுற்றினா. பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, நான் அங்கே இருப்பதையே மறந்தவபோலக் கேட்டா:

"தம்பி, ஆரோ ஒரு வெள்ளையின்ரை காலுக்காக நீ கேட்டதே அந்தோனியாருக்குக் கேட்டதெண்டால், அண்ணைக்காக நான் கேட்டதும் அவருக்குக் கேட்டிருக்கும்தானே?"

எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கும் மாமா என்னைப் பார்த்தார். பிறகு யன்னல்பக்கம் பார்த்துக்கொண்டு, "ஓமக்கா" என்றார்.

சலூன்காரர் போனபிறகு அம்மா சந்தனம் கரைத்து என் தலையில் பூசினா. குளிர்ந்தது. நான் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடியில் அந்தக் கேவலமான தலையைப் பார்த்து அழுதேன். திங்கட்கிழமை விழா. நீலமணிகள் எல்லாம் தோழி வீட்டில் ஒரு போத்தலுக்குள் கிடந்தன. உண்மையையும் சொல்லிவிட்டேன், அதையும் ஒருவரும் நம்பவில்லை. இனி இந்த வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

வெளியே அம்மா கறிக்குத் தாளிக்கும் சத்தம் கேட்டது. கூடவே பாட்டொன்று. அம்மா பாடி அதற்குமுன் நான் கேட்டதில்லை. கோயிலில்கூட வாயசைப்பதோடு சரி. பெற்ற பிள்ளையின் தலையை மழித்துவிட்டு ஒருத்தியால் எப்படி இவ்வளவு சந்தோஷமாகச் சமைக்க முடிகிறது என்று, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.